விளக்கு மீன் எங்கே? – ஆழ்கடல் காட்சிக்கூடத்தைக் காணப் போகும் முன்...

கடல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? அலை, மணல், படகு, அம்மா வைக்கும் மீன் குழம்பு. கொஞ்சம் படித்தவர்களுக்குப் பவளப்பாறையும் ஆமையும் நினைவுக்கு வரலாம். ஆனால் இவையெல்லாம் கடலின் மேல்தோல் மட்டுமே. உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு முறை அடுக்கினாலும் அந்த நீருக்குள் மூழ்கிவிடும். அங்கேயும் உயிர்கள் வாழ்கின்றன. அவற்றைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டு வந்து நமக்குக் காட்ட முடியுமா? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இந்தக் கேள்விக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டு, யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்த கையோடு, எங்கள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியிலிருந்து மீன் காட்சியகம் ஒன்றுக்கு எங்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். தலையில் விளக்கோடு வரும் பயங்கரமான மீனை நீமோ கார்ட்டூன் படத்தில் பார்த்திருந்தேன். தொட்டி தொட்டியாக அதைத் தேடினேன். இறுதியில் வழிகாட்டி, "கேள்வி உண்டா?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், "இக்கான் லம்பு டி மானா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற வேறு பள்ளி மாணவர்களும் சிரித்தார்கள். அது கார்ட்டூனில் மட்டும்தான் வரும் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். பேருந்தில் எங்கள் ஆசிரியை மட்டும், "கேள்வி தப்பில்லம்மா. ஏன் இல்லைன்னு நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்றார்.

இன்று நான் கடல்சார் அறிவியல் பயிலும் மாணவி. வரும் விடுமுறையில் எங்கள் குடும்பம் சிங்கப்பூருக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறது. ஆறாம் ஆண்டு படிக்கும் என் தம்பி இப்போதே ஆரம்பித்துவிட்டான்: "அக்கா, அங்க விளக்கு மீன் இருக்குமா?" அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைக் காணப் போகிறோம்?

செந்தோசாத் தீவில் 2025 ஜூலை 24-ஆம் நாள் சிங்கப்பூர் ஓஷனேரியம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்பு அங்கிருந்த எஸ்.இ.ஏ. அக்வேரியத்தைப்போல் மூன்று மடங்கு பெரியது. 22 பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்று, ஆழ்கடலில் விழுந்து கிடக்கும் திமிங்கில உடலையும் கடலடி மலையையும் மையமாகக் கொண்டது. தம்பி ஆவலோடு காத்திருப்பது அந்தப் பகுதிக்காகத்தான். நானும்தான்.

ஆனால், இத்தகைய காட்சிக்கூடங்களுக்குப் போகும் முன் சில அடிப்படைகளைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. தெரியாமல் போனால், "என்ன இது, ஒரே இருட்டு, நாலு நண்டு மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

ஆழ்கடல் எங்கே தொடங்குகிறது?

பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே உள்ள பகுதியை ஆழ்கடல் என்கிறார்கள். அதற்கு மேலே உள்ள நீரில்தான் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யப் போதுமான வெயில் கிடைக்கிறது. 200 முதல் 1,000 மீட்டர் வரை அந்தி வேளைபோல் மங்கிய நீல ஒளி. 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை. அங்குள்ள உயிர்களுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

நம் மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி 200 மீட்டர் ஆழத்தை எட்டுவதில்லை. தீபகற்பத்தில் வளர்ந்த நமக்கு ஆழ்கடல் அந்நியமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சபா கரைக்கு அப்பால் சென்றால் கடல் 2,000 மீட்டருக்கும் மேலாக இறங்கிவிடுகிறது. ஜாவாத் தீவின் தென்புறத்திலும் அப்படியே. ஆகவே ஆழ்கடல் எங்கோ அமெரிக்காவில் இருப்பதல்ல; நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் இருக்கிறது.

ஏன் மேலே கொண்டு வர முடிவதில்லை?

முதல் காரணம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு விரல் நகமளவு இடத்தின் மீது ஏறத்தாழ 100 கிலோ எடை அமர்ந்திருப்பதற்குச் சமம். அதாவது, விரல் நகத்தின் மேல் 50 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு!

அப்படியானால் அங்குள்ள உயிர்கள் ஏன் நசுங்குவதில்லை? நீர் எளிதில் சுருங்காது; அவற்றின் உடலோ பெரும்பாலும் நீர். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் இருப்பதால் நசுங்குவதற்கு இடமில்லை. சிக்கல் காற்றில்தான் இருக்கிறது. அம்மா திலாப்பியா மீனை ஆயும்போது வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு சிறு பலூன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் அதை எடுத்து 'டப்' என்று உடைத்து விளையாடாதவர்கள் குறைவு. அதுதான் மீனின் காற்றுப்பை. மீன் மிதப்பதற்கு உதவும் உறுப்பு. 100 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மீனை வேகமாக மேலே இழுத்தால், அந்தப் பைக்குள் இருக்கும் காற்று பதினொரு மடங்கு விரிய முயலும். மற்ற உறுப்புகளை நசுக்கிவிடும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா அறிவியல் கழகத்தார், 2016-இல் அந்தி ஒளிப் பகுதிப் பவளப்பாறை மீன்களுக்கென ஒரு காட்சியைத் திறந்தார்கள். அதற்காக முக்குளிப்பவர்கள் தாங்களே ஆழத்திற்குச் சென்று மீன்களைப் பிடித்து, அழுத்தம் தாங்கும் ஒரு கலனில் அடைத்து மேலே கொண்டு வந்தார்கள். பிறகு அந்தக் கலனின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக, நாள் கணக்கில் குறைத்தார்கள். மீன்கள் பிழைத்தன. ஆனால் மனிதன் முக்குளித்து எட்டக்கூடிய ஆழத்திற்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

இரண்டாவது காரணம், அழுத்தத்திற்கு ஏற்ப அமைந்த உடல். ஆழ்கடல் மீன்களின் புரதங்கள் அந்த அழுத்தத்திலும் நிலைகுலையாமல் இருக்க அவற்றின் உடலில் தனி வேதிப்பொருள்கள் உண்டு. மேலே வந்தால் அந்தச் சமநிலை குலைகிறது. 2013-இல் 'உலகின் மிக அசிங்கமான விலங்கு' என்று வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'பிளாப்' மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கொழகொழவென்று மூக்கு தொங்கும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் தன் சொந்த இடத்தில் அது பார்ப்பதற்குச் சாதாரண மீன்போலத்தான் இருக்கும். நாம் கேலி செய்வது, மேலே இழுக்கப்பட்டதால் உருக்குலைந்த ஓர் உடலை.

மூன்றாவது, குளிர். 1,000 மீட்டருக்குக் கீழே நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ், அதாவது நம் குளிர்பெட்டியின் உள்ளே இருப்பதுபோல. நான்காவது, ஆக்சிஜன். பல கடல்களில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு நீரடுக்கு உண்டு. அங்கே வாழும் உயிர்களுக்கு நம் சாதாரணத் தொட்டி நீரில் இருக்கும் ஆக்சிஜன் அளவுக்கு மீறியது. ஐந்தாவது, வெளிச்சம். இருளுக்குப் பழகிய கண்களுக்கு நம் கைப்பேசி விளக்கே பெருந்தண்டனை.

மான்டெரே காட்டிய வழி

அமெரிக்காவின் மான்டெரே விரிகுடா மீன் காட்சியகம் 2022 ஏப்ரல் 9-ஆம் நாள் 'ஆழத்திற்குள்' என்னும் பொருள்படும் ஒரு காட்சிக்கூடத்தைத் திறந்தது. ஆழ்கடல் உயிர்களை உயிரோடு காட்டுவதில் அது ஒரு மைல்கல் என்றால் மிகையாகாது. அந்த ஊருக்கு ஒரு நற்பேறு உண்டு. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஒரு மாபெரும் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. அதை ஆராய்வதற்காகவே 1987-இல் ஓர் ஆய்வுக்கழகமும் அங்கே நிறுவப்பட்டது. அதன் ஆளில்லா இயந்திரக் கலங்கள் கப்பலிலிருந்து கம்பி வழியாக இயக்கப்படுகின்றன. ஒரு ஜெல்லி உயிரைக் கண்டால் வலை வீசிப் பிடிப்பதில்லை. திறந்த உருளைக் கலனை மெல்ல அதைச் சூழ நகர்த்தி, இரு பக்கமும் மூடியைச் சாத்துகிறார்கள். தொட்டால் கிழிந்துவிடும் உடல் தொடப்படாமலேயே மேலே வருகிறது.

கரைக்கு வந்த பிறகு நீரைத் தயாரிப்பதுதான் பெரிய வேலை. கடல்நீரைக் குளிர்விக்கிறார்கள், ஆக்சிஜனைக் குறைக்கிறார்கள், அமிலத்தன்மையை ஆழ்கடல் நீருக்கு ஏற்பச் சரிசெய்கிறார்கள். ஜெல்லி உயிர்களுக்கு மூலையே இல்லாத வட்டத் தொட்டி. நீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருப்பதால் அவை சுவரில் மோதுவதில்லை.

அங்கே காட்டப்பட்ட ஓர் உயிர் என்னை மிகவும் கவர்ந்தது. சீப்பு ஜெல்லி வகையைச் சேர்ந்த அதன் வயிறு இரத்தச் சிவப்பு. இருட்டில் வாழும் உயிருக்கு எதற்கு நிறம்? சூரிய ஒளியில் முதலில் நீரால் உறிஞ்சப்படுவது சிவப்பு. ஆழத்தில் சிவப்பு ஒளியே கிடையாது என்பதால் அங்கே சிவப்பு என்றால் கறுப்பு. அது விழுங்கும் இரைகளில் பல ஒளிரக்கூடியவை. வயிற்றுக்குள் இரை மின்னினால் எதிரி கண்டுகொள்வான். ஆகவே அந்தச் சிவப்பு வயிறு ஒரு திரைச்சீலை! பார்ப்பதற்கு அழகுபோல் தோன்றுவது, அதற்கு உயிர் காக்கும் மறைப்பு.

எவற்றை எதிர்பார்க்கலாம்?

உலகெங்கும் ஆழ்கடல் காட்சிக்கூடங்களில் அடிக்கடி காணப்படுபவை, காற்றுப்பை இல்லாதவையும் கடினமான ஓடு கொண்டவையுமே. சப்பானியச் சிலந்தி நண்டு அவற்றுள் முக்கியமானது. அதன் கால்களை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 3.7 மீட்டர் வரை இருக்கும். அடுத்தது பேருருவ ஐசோபாட். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல்நிறப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் கடல்வாழ் உறவினர் இது. ஆனால் முழங்கை நீளத்திற்கு வளரும்!

இதைக் கண்ணாடி முன் நின்று பார்ப்பவர்கள், "செத்துப் போச்சா?" என்று கேட்பது வழக்கம். அசையவே அசையாது. ஆழ்கடலில் உணவு மேலிருந்து எப்போதாவதுதான் விழும். கிடைக்கும்போது வயிறு நிறையத் தின்றுவிட்டுக் காத்திருக்கும் உடல் அது. சப்பானின் தோபா மீன் காட்சியகத்தில் இருந்த ஓர் ஐசோபாட், 2009 ஜனவரி 2-ஆம் நாள் ஒரு மீனைத் தின்றது. அதன்பின் கொடுத்த எதையும் தொடவில்லை. 2014 பிப்ரவரி 14-ஆம் நாள் இறக்கும்வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக அது உண்ணா நோன்பிருந்தது. அடுத்த முறை அசையாத ஓர் ஐசோபாடைப் பார்த்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது சும்மா இருக்கவில்லை. காத்திருக்கிறது.

இந்த ஐசோபாடுக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. 2018-இல் சிங்கப்பூர், இந்தோனேசிய அறிவியலாளர்கள் கூட்டாக ஜாவாவின் தென்கடலில் 14 நாள் ஆழ்கடல் ஆய்வு மேற்கொண்டார்கள். அங்கே கிடைத்த சுமார் 33 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பேருருவ ஐசோபாட் புதிய இனம் என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாத்தினோமஸ் ராக்சாசா'. 'ராக்சாசா' என்றால் மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் பேருருவம். வேறொன்றுமில்லை, நம் பாட்டி கதையில் வரும் ராட்சசன்தான்! வடமொழியிலிருந்து இரு பக்கமும் சென்ற ஒரே சொல். இடைநிலைப்பள்ளியில் 'ராக்சாசா' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. அந்தச் சொல் இப்போது கடலின் அடியிலும் இருக்கிறது என்பதில் ஒரு மகிழ்ச்சி.

திமிங்கிலம் விழுந்தால்...

காட்சிக்கூடத்தின் மையமான திமிங்கில வீழ்ச்சி என்பது என்ன? ஒரு திமிங்கிலம் நடுக்கடலில் இறந்து ஆழத்தில் போய்ப் படிகிறது. உணவுப் பஞ்சம் நிலவும் அந்த இடத்தில் அது திடீரென்று நடக்கும் ஒரு கல்யாண விருந்து. முதலில் சுறாக்களும் பிற பிணந்தின்னிகளும் வந்து தசையைத் தின்னும். பிறகு புழுக்களும் நண்டினங்களும் மிச்சம் மீதியைத் தேடும். இறுதியில் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பை நுண்ணுயிர்கள் சிதைக்க, அதிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருள்களை நம்பி ஒரு தனிச் சமுதாயமே பல்லாண்டுகள் வாழும். 1987-இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால்தான் இத்தகைய ஒரு வாழிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. எலும்பைத் துளைத்து வாழும், வாயும் வயிறும் இல்லாத புழுவினம் ஒன்று 2004-இல் உலகுக்கு அறிமுகமானது. ஓர் உயிரின் முடிவு எத்தனை உயிர்களின் தொடக்கம்!

காட்சியகத்தில் நாம் காணும் திமிங்கில உடல் மாதிரி வடிவமே. உண்மையான திமிங்கில எலும்பைக் காண விரும்புவோர் சிங்கப்பூரிலேயே லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கும் செல்லலாம். 2015 ஜூலை 10-ஆம் நாள் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த ஒரு பெண் எண்ணெய்த் திமிங்கிலத்தின் 10.6 மீட்டர் எலும்புக்கூடு அங்கே வைக்கப்பட்டுள்ளது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய் வேட்டையாடும் உயிர் அது. அதன் வயிற்றில் கணவாயின் அலகுகள் இருந்தன. கூடவே நெகிழிக் கோப்பைகளும் உணவுப் பொட்டல உறைகளும் இருந்தன. நாம் ஆழ்கடலுக்குப் போவதற்கு முன்பே நம் குப்பை அங்கே போய்விட்டது.

விளக்கு மீன் இருக்குமா?

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விளக்கு மீன் கார்ட்டூனில் மட்டும் இருப்பதல்ல; உண்மையிலேயே உண்டு. பெண் மீனின் தலையிலிருந்து நீளும் தூண்டிலின் நுனியில் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இரை அதை நாடி வரும். கருங்கடற்பேய் என்னும் பொருள்படப் பெயர் பெற்ற அம்மீனை, மான்டெரே ஆய்வாளர்கள் 2014-இல் சுமார் 580 மீட்டர் ஆழத்தில் உயிரோடு படம் பிடித்தார்கள். ஆழத்தில் அது நீந்துவதைக் காட்டிய முதல் படம் அதுவே என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில், கேனரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃப் அருகே, அதே இனத்து மீன் ஒன்று பட்டப்பகலில் கடற்பரப்புக்கு வந்தது. உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. உடல்நலம் குன்றியிருந்த அது சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. எதையோ பார்க்க வெளிச்சத்தைத் தேடி வந்த மீன் என்று எண்ணிப் பலர் கண்ணீர் வடித்தார்கள்.

ஆகவே தம்பி, செந்தோசாவில் விளக்கு மீன் உன்னை நோக்கி நீந்தி வராது. அதை உயிரோடு வளர்த்துக் காட்டும் திறன் மனிதனுக்கு இன்னும் கைகூடவில்லை. அது இல்லாத தொட்டி ஒரு குறையல்ல. அந்த மீனுக்கு அதுவே நன்மை.

பிடித்து வருவது சரிதானா?

ஓர் உயிரைத் தன் இருளிலிருந்து எடுத்து வந்து நமக்குக் காட்டுவது நியாயமா? என்னுடன் பயிலும் தோழி ஒருத்தி, கூடவே கூடாது என்கிறாள். அவள் வாதத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே 4,000 மீட்டருக்கும் கீழே, நிக்கலும் கோபால்ட்டும் அடங்கிய உலோக உருண்டைகள் பரவிக் கிடக்கின்றன. பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்பவை அவை. அவற்றைத் தோண்டி எடுக்கப் பல நாடுகள் ஆர்வம் காட்டுகின்றன. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் 2015-இல் அங்கே ஆய்வு ஒப்பந்தம் பெற்றது. அப்பகுதியில் அறியப்பட்டுள்ள 5,500-க்கும் மேற்பட்ட உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பெயர் வைக்கும் முன்பே அழிந்துவிடக்கூடிய உயிர்கள் அவை. நாம் கண்ணால் காணாத ஒன்றுக்காக யார் குரல் கொடுப்பார்? நான்கு ஐசோபாடுகளும் ஒரு நண்டும் நம்மில் ஒருவரையாவது அப்படிக் கேட்க வைத்தால், காட்சிக்கூடம் தன் கடமையைச் செய்துவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து.

போகும்போது...

நண்பர்களே, ஆழ்கடல் காட்சிக்கூடத்திற்குப் போனால் நான்கு செய்திகளை மறவாதீர்கள். கைப்பேசி மின்னொளியை அணைத்துவிடுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள். இருளுக்குக் கண் பழகப் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். கூட வரும் பிள்ளைகள் எந்த மொழியில் கேள்வி கேட்டாலும் சிரிக்காதீர்கள்; விடை தெரியாவிட்டால், வீட்டுக்கு வந்து சேர்ந்து தேடுங்கள்.

பத்தாண்டுகளுக்கு முன் நான் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குக் கிடைத்தது சிரிப்பு. என் தம்பிக்கு இந்தக் கட்டுரை கிடைத்திருக்கிறது. அச்சில் ஏறும் முன்பே அவனிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்ப அந்த அஞ்சு வருசம் சாப்பிடாத பூச்சியைப் பார்க்கலாமா, அக்கா?"

பார்க்கலாம், தம்பி. அது நமக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் இனம்தானே!